மாநிறத்துக்கு எது பொருந்தும்: பிபி கிரீமா, ஃபவுண்டேஷனா, டின்டட் சன்ஸ்கிரீனா?

முதல்முறையாக முகத்துக்கு ஏதாவது வாங்கப் போகும் பெண்ணிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஃபவுண்டேஷன் எல்லாம் கல்யாணத்துக்குப் போடுறது, தினமும் போட பிபி கிரீம் போதும்." வெளுப்பான சருமம் உள்ளவர்களுக்கு இது சரியாக இருக்கலாம். மாநிறம், அதைவிடக் கருத்த நிறம் என்றால் நான் நேர்மாறாகத்தான் சொல்வேன். முகத்தின் நிறத்தைச் சீராக்கும் பூச்சான ஃபவுண்டேஷனையே வாங்குங்கள், கொஞ்சமாகப் போடுங்கள்.

காரணம் பிபி கிரீம் பிறந்த கதையிலேயே இருக்கிறது. 1960களில் ஜெர்மனியில் கிறிஸ்டின் ஷ்ராமெக் என்ற தோல் மருத்துவர், சிகிச்சை முடிந்து சிவந்திருக்கும் முகத்தை ஆற்றவும் மறைக்கவும் தயாரித்த கிரீம் அது. பிறகு கொரியாவில் அன்றாட ஒப்பனையாக மாறி, அங்கிருந்து நம் ஊர்க் கடைகளுக்கு வந்தது. வெளுத்த தோலில் சிவப்பை அடக்குவதற்கு ஒன்றிரண்டு ஷேட் இருந்தால் போதும். நம் முகத்தில் மறைக்க வேண்டியது சிவப்பு இல்லை. பரு போன இடத்துக் கருப்பு, வாயைச் சுற்றிய கருமை, கருவளையம், மங்கு. அதற்கு நம் நிறத்துக்கு நெருக்கமான ஷேட் வேண்டும். பிபி கிரீமிலோ கடையில் பெரும்பாலும் இரண்டு மூன்று ஷேட்தான் இருக்கும், அதில் கருத்ததுகூட மாநிறத்தைவிட வெளுப்பாக இருக்கும்.

"லேசான கிரீம்தானே, எந்த நிறத்திலும் கலந்துவிடும்" என்று விற்பவர்கள் சொல்வார்கள். கலக்காது. மூடும் தன்மைக்காகவும் வெயில் பாதுகாப்புக்காகவும் சேர்க்கப்படும் டைட்டானியம் டையாக்சைடும் ஜிங்க் ஆக்சைடும் வெள்ளைப் பொடிகள். அவற்றை ஈடுகட்டும் அளவுக்கு மஞ்சள், சிவப்பு, கருப்பு இரும்பு ஆக்சைடுகள் சேராவிட்டால், கருத்த தோலில் அந்த வெள்ளை சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். வீட்டுக் கண்ணாடியில் அவ்வளவாகத் தெரியாது. வெளியே வெயிலிலும் போட்டோவிலும் முகம் தனி, கழுத்து தனி என்று தெரியும்.

ஃபவுண்டேஷன் இந்த இடத்தில்தான் ஜெயிக்கிறது. 2017இல் ஃபென்டி பியூட்டி என்ற ஒப்பனை நிறுவனம் 40 ஷேடுகளோடு சந்தைக்கு வந்த பிறகு, கருத்த நிறங்களைப் பெயருக்கு ஒன்றிரண்டு வைத்திருந்த பல நிறுவனங்கள் வரிசையை நீட்டின. நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் மேபெலின் ஃபிட் மீயிலேயே 128, 220, 310, 330 என்று எண் ஏற ஏற நிறம் ஆழமாகும். கனமாகத் தெரியும் என்ற பயத்துக்கு எளிய வழி உண்டு. இரண்டு சொட்டு எடுத்து, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சால் மூக்கைச் சுற்றியும் கன்னத்திலும் மட்டும் ஒற்றி, ஓரங்களுக்கு மிச்சத்தை இழுத்துவிட்டால் பிபி கிரீம் அளவுக்குத்தான் தெரியும். ஃபவுண்டேஷனை லேசாக்க முடியும். ஷேட் பொருந்தாத பிபி கிரீமை எப்படித் தடவினாலும் பொருந்த வைக்க முடியாது.

ஷேட்டின் ஆழத்தோடு அண்டர்டோனையும், அதாவது தோலுக்கு அடியில் தெரியும் சாயலையும், பார்க்க வேண்டும். நம்மில் பலருக்கு மஞ்சள் அல்லது பொன் சாயல் அடியில் ஓடும். சிலருக்கு லேசான பச்சை கலந்த ஆலிவ், நல்ல கருத்த நிறத்தில் சிலருக்குச் செம்மை. மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனையை எல்லோரும் சொல்கிறார்கள். கருத்த கையில் நரம்பின் நிறமே சரியாகத் தெரியாது, அதை நம்ப வேண்டாம். அடுத்தடுத்த மூன்று ஷேடுகளைத் தாடை ஓரத்திலிருந்து கழுத்து வரை கோடாக இழுத்து, கடையைவிட்டு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உடனே முடிவெடுக்காமல் இருபது நிமிடம் விடுங்கள். திரவம் ஆவியாகி, முகத்து எண்ணெயோடு கலந்ததும் சில ஃபவுண்டேஷன் ஒரு ஷேட் கருக்கும். சென்னை மாதிரி ஊரில் இது சீக்கிரமே நடக்கும்.

இன்னொரு சிக்கல், நம் முகமே ஒரே நிறம் இல்லை. கன்னம் ஒரு நிறம், நெற்றியும் வாய் ஓரமும் இன்னொரு நிறம். கன்னத்தின் வெளுப்புக்கு ஷேட் எடுத்தால் நெற்றி சாம்பலாகும். நான் கழுத்தோடு சேரும் தாடை நிறத்தையே எடுக்கச் சொல்வேன். வாயைச் சுற்றியும் கண்ணுக்குக் கீழேயும் கருமையை மறைக்கும் வெளுத்த கன்சீலரை நேராக வைக்காமல், முதலில் நிறத்தைச் சரிக்கட்டும் ஆரஞ்சு நிறக் கரெக்டரைத் துளி ஒற்றி, அதன் மேல் ஃபவுண்டேஷன் போடுங்கள். கருமையில் இருக்கும் நீலச் சாயலை ஆரஞ்சு அடக்கிவிடும்.

டின்டட் சன்ஸ்கிரீனுக்கு, அதாவது தோல் நிறச் சாயம் (டின்ட்) கலந்த சன்ஸ்கிரீனுக்கு, ஒரே ஒரு விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும் விட முதலிடம் தருகிறேன். மங்கு இருப்பவர்களுக்குப் புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கருமையைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் இந்த ஒளியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. டின்டில் உள்ள இரும்பு ஆக்சைடு தடுக்கும். ஆனால் இதிலும் ஷேட் குறைவு. தவிர, சன்ஸ்கிரீன் வேலை செய்ய முகத்துக்கும் கழுத்துக்குமாக இரண்டு விரல் நீளம் பூச வேண்டும். அவ்வளவு பூசும்போது ஷேட் பொருந்தாவிட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். மங்கு இல்லாதவர்கள் வெள்ளை படியாத ஜெல் சன்ஸ்கிரீனைப் பூசி, அது நன்றாகப் படிந்த பிறகு மேலே ஃபவுண்டேஷன் போடுவது மேல். ஃபவுண்டேஷன் பாட்டிலில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப்பை (வெயில் பாதுகாப்பு அளவு) கணக்கில் வைக்காதீர்கள், அந்த அளவுக்கு யாரும் பூசுவதில்லை.

நிறத்தைத் திருத்துவதற்கென்று விற்கும் சிசி கிரீம் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஷேட் பற்றாக்குறையில் பிபிக்குத் தங்கை. காம்பாக்ட் பவுடர் எண்ணெய் வழியும் நெற்றிக்கும் மூக்குக்கும் நல்லது. வறண்ட கன்னத்தில் திட்டுத் திட்டாக நிற்கும்.

இந்தப் பட்டியலில் சிவப்பழகு கிரீமைச் சேர்க்கவே கூடாது, ஆனால் கடையில் அதே அலமாரியில்தான் இருக்கிறது. ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. வெளுக்க வேண்டும் என்ற ஆசையை விற்பது நிற்கவில்லை. நிறுவனப் பெயரோ உள்ளடக்கமோ அச்சிடாத டப்பாக்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. கேரளத்தின் மலப்புரம் பக்கம் அப்படிப்பட்ட கிரீம் பூசிய சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2023இல் மருத்துவர்கள் வெளியே கொண்டுவந்தார்கள். சந்தேகம் பாதரசத்தின் மேல். வேறு சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். முதலில் முகம் பளபளக்கும், நிறுத்தினால் சிவந்து எரியும், பரு கொட்டும். யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

சரி, வெளுத்த ஷேட் பாட்டில் ஒன்று ஏற்கெனவே வீட்டில் கிடக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். அதே நிறுவனத்தின், அதே வகையில் இரண்டு மூன்று படி கருத்த ஷேட்டை வாங்கி, புறங்கையில் சொட்டுச் சொட்டாகக் கலந்து பாருங்கள். வேறு வகையைச் சேர்த்தால், ஒன்று தண்ணீர் சார்ந்தது, மற்றது சிலிக்கோன் சார்ந்தது என்று அமைந்து திரிதிரியாகப் பிரிந்துபோகலாம். பாட்டிலுக்குள் கலக்காமல் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். வெயில் காலத்தில் முகம் கருத்தால் கருத்த ஷேட்டில் ஒரு சொட்டு கூடட்டும், மார்கழியில் அதைக் குறைத்துக்கொள்ளலாம்.