எல்லோருக்கும் குடியுரிமையா, பழைய குடிமக்களுக்கு மட்டுமா?

சோவியத் ஆட்சியில் குடியேறியவர்களைப் புதிய நாடு எப்படி ஏற்பது என்ற கேள்விக்கு, முன்பு சோவியத் ஒன்றியத்தில் இருந்த பால்டிக் நாடுகளான லித்துவேனியாவும் லாத்வியாவும் எதிரெதிரான விடைகளைத் தேர்ந்தன.

தொடக்க நிலை: 1989 கணக்கெடுப்பில் லித்துவேனியர் தம் நாட்டில் ஏறத்தாழ 80 விழுக்காடு, லாத்வியர் 52 விழுக்காடு மட்டுமே. சொந்த மண்ணில் சிறுபான்மையாகிவிடுவோம் என்ற லாத்வியரின் அச்சம் கற்பனையன்று.

வழி: லித்துவேனியா, 1989 சட்டத்தின்படி, நிரந்தரமாக வாழ்ந்துவந்தோருக்கு மொழித் தேர்வின்றிக் குடியுரிமை வழங்கியது. லாத்வியா, சோவியத் படை நாட்டைக் கைப்பற்றிய 1940 ஜூனுக்கு முன் குடிமக்களாக இருந்தோரையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் மட்டும் ஏற்று, ஏனையோருக்கு 1994 சட்டத்தின்வழி மொழி, வரலாற்றுத் தேர்வுகளை விதித்தது.

விலை: லாத்வியாவில் ஏறத்தாழ 7 லட்சம் பேர் குடிமக்கள் அல்லாதோர் ஆயினர், அவர்களுக்கு உள்ளாட்சித் தேர்தலிலும் வாக்கில்லை. அந்த மண்ணிலேயே பிறந்த குழந்தைகளுக்கும் 1998 வரை அந்நிலையே தொடர்ந்தது. அதன் பின்னர் பெற்றோர் விண்ணப்பித்தால் குடியுரிமை கிடைத்தது என்றாலும், விண்ணப்பமின்றித் தானாகவே கிடைப்பது 2020இல் பிறந்த குழந்தைகள் முதல்தான். பெற்றோரின் வரலாற்றுக்காகக் குழந்தையைத் தண்டித்ததை என்னால் எவ்வகையிலும் ஏற்க இயலவில்லை.

லித்துவேனியாவிலும் பூசல் ஓயவில்லை: போலந்து இனத்தவர் தம் பெயர்களைப் போலந்து எழுத்துகள் சிலவற்றுடன் ஆவணங்களில் பதிய 2022 வரை காத்திருந்தனர்.

பெரும்பான்மை உறுதியாக உள்ள நாட்டுக்கு லித்துவேனிய வழியே தகும். மொழியே நலியும் நிலையிலுள்ள நாடு லாத்விய வழியை நாடலாம். ஆனால் அங்கு பிறக்கும் குழந்தைகளை முதல் நாளிலிருந்தே குடிமக்களாக ஏற்க வேண்டும்.