ஈரான் போகிறீர்களா? 'ரியாலும் நாங்களே தருகிறோம்' என்றால் உஷார்

போன வாரம் தெரிந்தவர் ஒருவர் தனக்கு வந்த பயண விளம்பரத்தைக் காட்டினார். ஈரானுக்கு 'ஆயத்தக் கிட்': பெண்களுக்கு உடை, இன்சூரன்ஸ், கையில் ஈரான் பணமான ரியால், எல்லாம் சேர்த்து. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. 2019 அக்டோபரில் நானும் என் கணவரும் இதே மாதிரி ஒன்றை ஒரு பயண அலுவலகத்தில் வாங்கிக்கொண்டுதான் தெஹ்ரானில் போய் இறங்கினோம்.

முதலில் உடை. 'அங்கே தலை முதல் கால் வரை கறுப்புதான், இல்லாவிட்டால் போலீஸ் பிடிக்கும்' என்று பயமுறுத்தி, மூன்று கறுப்பு அங்கிகளை 120 டாலருக்கு என் தலையில் கட்டினார்கள். வழுவழு பாலியஸ்டர். போட்டுக்கொண்டு நடந்தால் வேர்த்து ஊற்றியது. தெஹ்ரான் மெட்ரோவில் ஏறிய பிறகுதான் தெரிந்தது, பெண்கள் பாதிப் பேர் ஜீன்ஸ், முட்டி வரை ஒரு தொளதொளச் சட்டை, பின்னந்தலையில் பேருக்கு ஒரு கலர் ஸ்கார்ஃப் என்று இருந்தார்கள். அந்தச் சட்டைக்கு மான்தோ என்று பெயர். சட்டம் கேட்டதெல்லாம் தலைமுடி, கை, கால் மறைய வேண்டும், உடை உடம்பை இறுக்கக் கூடாது, அவ்வளவுதான். 2022 ஹிஜாப் எதிர்ப்புப் போராட்டங்களுக்குப் பிறகு தெஹ்ரானில் பலர் ஸ்கார்ஃபே போடுவதில்லை. ஆனால் சட்டம் அப்படியே இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் அதில் விளையாட வேண்டாம்.

ஷீராஸில் ஷா செராக் தர்காவுக்குப் போனபோது இன்னும் எரிச்சல். வாசலிலேயே பூப்போட்ட சாதர் (உடம்பு முழுவதும் மூடும் போர்வை) ஒன்றை இலவசமாகக் கொடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொல்கிறார்கள். என் 120 டாலர் அங்கிக்கு அங்கேயும் வேலை இல்லை! எடுத்துப் போக வேண்டியது இரண்டு காட்டன் ஸ்கார்ஃப் (சில்க் என்றால் வழுக்கிக்கொண்டே இருக்கும்), இடுப்புக்குக் கீழே இறங்கும் முழுக்கைச் சட்டை இரண்டு, சட்டெனக் கழற்றி மாட்டுகிற செருப்பு. என் கணவருக்கோ 'ஆண்களுக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது' என்றார்கள். அவர் கொண்டுபோன நான்கு அரை டிராயரும் மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தன. அங்கே தெருவில் ஆண்களும் முழுக்கால் பேன்ட்தான்.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி பணத்தில்.

'கார்டு எல்லா இடத்திலும் ஓடும், முதல் சில நாள் செலவுக்கு மட்டும் ரியால் வைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். 500 டாலர் கொடுத்தோம். டாலருக்கு 42,000 ரியால் கணக்கில் 2 கோடியே 10 லட்சம் ரியால் வந்தது. நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இணையத்தில் பார்த்தேன், அங்கேயும் ஏறக்குறைய அதே 42,000. சரி, நேர்மையான ஆட்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பையன்தான் உண்மையைச் சொன்னான். எங்கள் ரியால் நோட்டுக் கட்டைப் பார்த்துவிட்டு, என்ன விலைக்கு மாற்றினீர்கள் என்று கேட்டான். சொன்னேன். ஒன்றும் பேசாமல் கால்குலேட்டரை எடுத்து 1,10,000 என்று தட்டி, என் பக்கம் திருப்பி வைத்தான். அன்றைக்குக் கடையில் டாலர் அதற்கும் மேலே போய்க்கொண்டிருந்ததாம். 42,000 என்பது 2018 ஏப்ரலில் அரசு நிர்ணயித்த விலை, அப்போது அது அத்தியாவசிய இறக்குமதிக்கானதாக இருந்தது. பயணிக்கு ஸர்ராஃபி எனப்படும் நாணயமாற்றுக் கடைகளின் விலைதான் கணக்கு. தெஹ்ரானின் ஃபெர்தோசி தெருவில் வரிசையாக இருக்கின்றன. அங்கே போய் நானே பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் 500 டாலருக்குக் கையில் இருந்தது 190 டாலர் தேறினால் அதிகம்.

சரி, கார்டு இருக்கிறதே என்றால், விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ஈரானில் வேலை செய்யாது. பொருளாதாரத் தடையால் அந்த நாட்டு வங்கிகள் வெளி உலகக் கார்டு வலையில் இல்லை. ஏடிஎம்மும் உதவாது. முழுப் பயணத்துக்கும் டாலரோ யூரோவோ ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டும். பையின் அடியில் தனியாக வைத்திருந்த 200 டாலர்தான் எங்களைக் காப்பாற்றியது. ஹோட்டல்களுக்கு முன்பே கட்டியிருந்ததால் தலைக்கு மேல் கூரை இருந்தது. யஸ்த் நகரத்துக்குப் போகும் திட்டத்தைக் கைவிட்டோம். பல மதியங்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்தான்.

இதற்கு நடுவே தோமான் குழப்பம் வேறு. நோட்டில் இருப்பது ரியால், வாயில் வருவது தோமான். ஒரு தோமானுக்குப் பத்து ரியால். பல சமயம் ஆயிரத்தையும் விழுங்கிவிடுவார்கள், 'ஐம்பது' என்றால் 5 லட்சம் ரியால். இஸ்ஃபஹானில் ஒரு டாக்சிக்காரரிடம் தெரியாமல் கூடுதலாக நீட்டினேன். எண்ணிப் பார்த்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை என் கையில் திணித்தார். பாரசீக எண்களையும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள். பூஜ்யம் வெறும் புள்ளி, ஐந்து தலைகீழ் இதயம் மாதிரி.

இன்சூரன்ஸ் காகிதத்தில் ஈரான் என்ற பெயரே இல்லாததால் விமான நிலையத்தில் இன்னொன்று வாங்கியதைச் சொல்லி நீட்ட விரும்பவில்லை.

ஊர் திரும்பியதும் அந்த அலுவலகத்துக்குப் போனேன். ரியாலுக்கு ரசீது தரவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை. அது என் தப்பு. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் போனை எடுத்து நாணய மாற்று விலையைக் காட்டினார். "நீங்களே பாருங்கம்மா, நாற்பத்திரண்டாயிரம்தான் போட்டிருக்கு. இதுல நாங்க எங்க ஏமாத்தினோம்?"