மூடுபயிரை மடக்கி உழுவதா, சாய்த்துப் போடுவதா?

இரண்டு பயிருக்கு நடுவே மண்ணை மூடிவைக்க மூடுபயிர் போட்டால் மண்ணுயிர் பெருகும் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. அந்தப் பயிரை எப்படி முடிப்பது என்பதில்தான் வழக்கு. சணப்பையோ தக்கைப்பூண்டையோ ரோட்டவேட்டர் விட்டு மண்ணுக்குள் தள்ளுவது ஒரு வழி. தகடு பதித்த உருளை ஏற்றித் தண்டை நசுக்கி, சாய்ந்த தழையை மூடாக்காக விட்டு, அதனூடே அடுத்த விதையை ஊன்றுவது இன்னொன்று. மேட்டு நிலப் பயிர்களுக்கு என் ஓட்டு இரண்டாவதற்கே.

உழுது மடக்குவதில் கிடைப்பது வேகம். இளந்தழையில் கரிமம் தழைச்சத்தைப் (நைட்ரஜன்) போல 20 மடங்குக்குள்தான் இருக்கும். பாக்டீரியா பாய்ந்து தின்னும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் தழைச்சத்து கைக்கு வரும். பயிர் முற்றி நாரேறி விகிதம் 30-ஐத் தாண்டிய பிறகு உழுதால், தழையைச் செரிக்க நுண்ணுயிர்கள் மண்ணிலிருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். அடுத்த பயிர் வெளிறிப்போய் நிற்கும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. புதைந்த பச்சைத் தழையில் முந்திக் குடியேறுபவை நாற்றழுகலைக் கொண்டுவரும் பிதியம், ரைசோக்டோனியா என்ற நோய்க்கிருமிகள். அதனால் இரண்டு, மூன்று வாரம் பொறுத்துத்தான் விதைக்க முடியும்.

அந்தக் காத்திருப்பு வாரங்களில்தான் பெரிய நஷ்டம் நடக்கிறது. வேருக்குள் குடியிருந்து பயிருக்கு மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொண்டுவந்து தரும் வேர் உட்பூசணம் உயிருள்ள வேரை அண்டி மட்டுமே வாழும். மட்கைத் தின்று பிழைக்கத் தெரியாது. மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. வேரை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பது தீர்ந்ததும் வேர் கையை விரித்துவிடும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பூசண இழைகளோ சில சென்டிமீட்டர் தள்ளிப் போய்க்கூட அதைக் கொண்டுவரும். இந்த இழைவலை அடர்ந்திருப்பது மேல் 15 சென்டிமீட்டரில். ரோட்டவேட்டர் கலக்குவதும் அதே அடுக்கைத்தான். வலை அறுந்து, வேரும் செத்து, மூன்று வாரம் வெற்று நிலமாகவும் கிடந்தால், புதுப்பயிர், மண்ணில் மிஞ்சிய பூசண வித்துகளையும் பூசணம் தங்கிய வேர்த்துண்டுகளையும் நம்பி முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாய்த்த அன்றே விதைத்த நிலத்தில் மூடுபயிர் முழுதாகச் சாகும் முன்பே நாற்றின் வேர் பழைய வலையைத் தொட்டுவிடுகிறது. நாற்றுப் பருவத்து மணிச்சத்துப் பசிக்கு இதைவிடச் சுருக்கு வழி இல்லை. ஆனால் கடுகும் முள்ளங்கியும் இந்தப் பூசணத்துக்கு இடம் கொடுக்காத குடும்பம். அவற்றைத் தனியாகப் போட்டுவிட்டு உழாமல் விட்டாலும் இந்தக் கணக்கில் லாபமில்லை. பயறு, கம்பு, சோளம் கலந்திருக்க வேண்டும்.

சாய்ப்பதில் தவறுவது பெரும்பாலும் பருவம். தானியப் பயிரைச் சாய்க்க வேண்டியது அது மகரந்தம் உதிர்க்கும்போது, பயறு வகையை முழுப் பூவிலிருந்து இளம்பிஞ்சு வரை. அதற்கு முன் சாய்த்தால் ஒரு வாரத்தில் நிமிர்ந்துவிடும். உருளையின் தகடு மழுங்கியிருக்க வேண்டும். கூர்மையாக இருந்தால் தண்டை வெட்டிவிடும், வெட்டிய இடத்தின் கீழே தளிர்க்கும். தரை பொதபொதவென்றிருந்தால் தண்டு நசுங்காமல் மண்ணில் அமுங்கிப்போகும். விதைப்பது சாய்த்த அதே திசையில், பனி உலர்ந்த பிறகு. நமுத்த தழை அறுபடாமல் மடிந்து விதைக்குழிக்குள் போய்விடும், விதை மண்ணைத் தொடாமல் அந்தரத்தில் கிடக்கும். உருளை இல்லாதவர்கள் சணப்பை அடிக்கிளைக்கும் கீழே, தரையோடு அறுத்துப் போடலாம்.

களையையும் அடக்க வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 800 கிராம் காய்ந்த தழையாவது தேவை. ஒரு சதுர மீட்டரை அறுத்து, உலர்த்தி, நிறுத்துப் பார்த்துவிடுங்கள். கண்ணளவு பெரும்பாலும் கூடுதலாகவே காட்டும்.

மூன்று வாரம் கழித்து மூடாக்கை ஒரு கை தூக்கினால் வேலை நடப்பது தெரியும். மேலடுக்கு சருகாய் நொறுங்கும். அடியில் இலைகள் ஈரத்தில் ஒட்டி, வெள்ளை இழையால் தைத்தாற்போலிருக்கும். அதன் கீழ் மண்புழுக் கழிவு குருணை குருணையாக. களிமண்ணில் ஈரத்தோடு உழுத நிலத்தைத் தோண்டினால் கறுத்த தழைக் கட்டியும் புளித்த வாடையும் வரலாம். காற்றில்லாமல் அழுகுகிறது என்று அர்த்தம்.

மூடாக்குக்கும் குறை உண்டு. பயறுத் தழையின் தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகப் பறந்துவிடும், மீதியும் மெதுவாகத்தான் இறங்கும். முதல் ஓரிரு பருவம் வரிசையோரம் கொஞ்சம் உரம் கொடுப்பது நல்லது. நத்தை, கரையான், எலி மூன்றுக்கும் அது நிழற்கூடம். உழவும் உருளையும் இல்லாமல் மூடுபயிரைக் களைக்கொல்லியால் கருக்கினால் வேர் கலையாது என்பது உண்மை. ஆனால் சாகும் வேரில் ரைசோக்டோனியா பெருகுவதால் அங்கும் இரண்டு, மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

சேற்றுழவு நெல்லுக்கு மட்டும் பேச்சே வேண்டாம், மடக்கித்தான் உழ வேண்டும். நீர் நிற்கும் வயலில் இழைவலை எப்படியும் அவ்வளவாகத் தாக்குப்பிடிக்காது. கோரையும் அருகம்புல்லும் மண்டிய நிலத்திலும் அவற்றை ஒழிக்கும்வரை மூடாக்கு வேண்டாம், எவ்வளவு தடிமனாகப் போட்டாலும் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும்.