விற்கப்போகிற வீட்டுக்குச் சோலார்: தாழ்ந்த ஸ்டாண்டா, தூக்கிய ஸ்டாண்டா?

சோலார் போட்டால் வீட்டு விலை கூடுமா என்ற பேச்சு வந்தால், அமெரிக்காவில் 4 சதவீதம்போலக் கூடுகிறது என்று ஜில்லோ என்ற அந்நாட்டு வீட்டு விற்பனை இணையதளம் 2019இல் சொன்ன கணக்கை யாராவது எடுத்து நீட்டுவார்கள். கடலூரிலோ புதுச்சேரியிலோ அதை வைத்து விலை சொன்னால் புரோக்கரே சிரிப்பார். இங்கே பேச்சு முதலில் மனைக்கு. அடுத்து கட்டடத்தின் வயசு, ஒழுகல். பேனல் எத்தனை ரூபாயைக் கூட்டும் என்று அறுதியிட்டுச் சொல்வதற்கில்லை. தப்பாகப் போட்ட பேனல் விலையைக் குறைக்கும் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். குறைப்பது பெரும்பாலும் அதைத் தாங்கும் ஸ்டாண்டு.

3 கிலோவாட்டை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் சூர்ய கர் மானியம் இந்த அளவிலேயே 78,000 ரூபாயோடு நின்றுவிடுவதால் பலரும் நிற்கிற அளவும் இதுதான். 540 வாட் பேனல் ஆறு. ஒன்று ஏழரை அடிக்கு மூன்றே முக்கால் அடி, 28 கிலோ பக்கம் வரும். நல்ல வெயில் நாளில் 12 யூனிட். எந்த ஸ்டாண்டில் வைத்தாலும் இதில் மாற்றமில்லை.

தாழ்ந்த ஸ்டாண்டில் முன்கால் ஓரடி, தெற்குப் பார்த்து 10 முதல் 12 டிகிரி சாய்வு. இரும்பு குறைவு, செலவும் குறைவு. காற்று அதிகம் பிடிக்காது, நின்றபடியே கழுவிவிடலாம். தூக்கிய ஸ்டாண்டு ஏழெட்டு அடி உயரம். கீழே துணி காயும், வடாம் காயப்போட ஓரத்தில் வெயிலும் மிச்சம் இருக்கும். கழுவத்தான் ஏணியும் நடைபாதைத் தட்டும் வேண்டும். பாதிப் பேர் இந்தத் தட்டைச் சேர்க்காமல் விட்டுவிட்டு, பிறகு காக்கை எச்சத்தோடு மல்லுக்கட்டுவார்கள்.

விற்பனை என்று வந்தால் நான் தூக்கிய ஸ்டாண்டு பக்கம்தான். காரணம், மாடித் தரையில் பதித்திருக்கும் தட்டோடுகள்.

பேனலுக்கு 25 வருட உத்தரவாதம். தட்டோட்டின் இணைப்புகள் அவ்வளவு காலம் பொறுக்காது. மேலே அடித்த வாட்டர்புரூப் பூச்சு அதற்கும் முன்னால் போய்விடும். ஆக, பேனல் இருக்கும் காலத்தில் மாடியை இரண்டு மூன்று தடவையாவது பழுது பார்த்தாக வேண்டும். ஓரடி உயரத்துக்குக் கீழே கொத்தனார் எப்படி நுழைவார்? ஆறு பேனலையும் கழற்றி, வயரைப் பிரித்து, வேலை முடிந்ததும் திரும்ப மாட்ட வேண்டும். அந்தக் கூலிக்கு யோசித்தே தள்ளிப்போடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த இலையும் மண்ணும் கால்களைச் சுற்றி அடைத்துக்கொண்டு தண்ணீர் தேங்கும். சீலிங்கில் ஓதம் வட்டமாகத் தெரியும். வீடு பார்க்க வருபவர் கண் முதலில் அங்கேதான் போகும். பிறகு மாடிக்கு ஏறுவார், பேனலைக் காட்டி “இதைக் கழற்றினால்தானே சரி பண்ண முடியும்?” என்பார். அதற்கப்புறம் பேரம் அவர் கையில்.

தூக்கிய ஸ்டாண்டிலும் கால் இறங்கும் இடம் சரியில்லை என்றால் அதே கதை. தட்டோட்டின் மேலேயே பிளேட்டை வைத்து விரிவுபோல்ட் அடிப்பதுதான் வழக்கமான தப்பு. கால் வரும் இடத்தில் மட்டும் தட்டோட்டை வெட்டி, கீழே பீம் ஓடுகிறதா என்று பார்த்து, கான்கிரீட்டில் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் ரசாயனப் பசையால் ஒட்டி நிற்கும் போல்ட்) இறக்கி, சுற்றி ஓரடிச் சதுரப் பீடம் கட்ட வேண்டும். பீடமும் தரையும் சேரும் மூலையைச் சரிவாகப் பூசிவிட்டால் தண்ணீர் நிற்காது. வெறும் பாரக்கல் வைத்து நிறுத்துகிறேன் என்பவரை இந்தக் கரையில் நம்பக் கூடாது. 2011இல் தானே, 2024இல் ஃபெஞ்சல் என்று புயல் ஏறி வரும் இடம் இது. புதுச்சேரிக்குக் கட்டட விதி வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகமே நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர்.

இன்னொன்று, வெல்டிங். ஜிஐ பைப்பில் வெல்டு வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துவிடும். உப்புக்காற்றில் துரு அங்கிருந்துதான் கிளம்பும். மேலே அடிக்கும் வெள்ளிப் பெயின்ட் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவே. வெட்டி, துளைபோட்டு முடித்தபின் உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த (ஹாட் டிப்) துண்டுகளை எஸ்எஸ் 304 என்ற துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் முடுக்கிய ஸ்டாண்டாக இருக்கட்டும். அதில் விற்பனைக்கும் லாபம் உண்டு. தரைத்தள வீட்டை வாங்குபவர் பலர் மேலே ஒரு மாடி எடுக்கும் எண்ணத்தோடு வருகிறார்கள். போல்ட் ஸ்டாண்டைக் கழற்றி மேல்மாடியில் நிறுத்தலாம். வெல்டு ஸ்டாண்டை அறுத்துப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

மின்வாரிய லைனோடு சேராமல் பேட்டரி வைத்து ஓடும் ஆஃப்கிரிட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாலைந்து வருடம் ஓடிய டியூபுலர் பேட்டரியை வாங்குபவர் சொத்தாகப் பார்க்க மாட்டார், அடுத்த செலவாகத்தான் பார்ப்பார். மின்வாரிய லைனோடு சேர்ந்து ஓடும், போன கரண்டையும் வந்த கரண்டையும் கணக்குப் பார்க்கும் நெட் மீட்டர் உள்ள ஆன்கிரிட் என்றால் ஒரு வருட பில்லைக் காட்டினாலே போதும். கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து நின்றுவிடும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குடிவந்தபின் தெரிந்தால் வீண் மனஸ்தாபம். பேனல் சீரியல் நம்பரோடு உள்ள பில், வாரண்டி அட்டை, நெட் மீட்டர் ஒப்பந்தம் மூன்றையும் பத்திர நகலோடு வைத்து, மின் இணைப்புப் பெயர்மாற்றத்தின்போதே சோலாரையும் சேர்த்து மாற்றிக் கொடுங்கள்.

தாழ்ந்த ஸ்டாண்டு சரியாக வரும் இடமும் ஒன்று உண்டு: கடலூர் தேவனாம்பட்டினம் மாதிரி அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில், மறைக்க எதுவுமில்லாத மாடி. அங்கே எட்டடி உயரத்தில் பேனலை நிறுத்தத் தேவையான இரும்புக்கு ஆகும் செலவைப் பார்த்தால், தட்டோட்டை முதலில் புதுசாகப் போட்டுவிட்டு, ஓரடிக்குப் பதில் இரண்டரை அடியில் நிறுத்துவது மேல். கொத்தனார் குனிந்தாவது உள்ளே போவார்.