டோக்கியோவில் ரோபோ பார்க்க: மிராய்கன், டான் கஃபே, கடைசியில் ஒரு பூனை

டோக்கியோவின் மிராய்கன் அருங்காட்சியகத்துக்குப் போனால் அசிமோ ரோபோ ஆடுவதைப் பார்க்கலாம் என்று இன்னமும் பல பயணக் குறிப்புகளில் எழுதியிருக்கிறது. பார்க்க முடியாது. ஹோண்டாவின் அந்த 130 செ.மீ. உயர ரோபோ 2002-இல் அங்கே வேலைக்குச் சேர்ந்தது. 2022 மார்ச் 31-ஆம் தேதியோடு விடைபெற்றுவிட்டது. அதற்காகவே டிக்கெட் வாங்க நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான். ஆனால் இப்போது அங்கே இருப்பது அசிமோ காலத்தை விட நல்ல காட்சி என்பது இந்த விமர்சனத்தின் கருத்து. அசிமோ மேடையில் செய்ததில் பெரும்பகுதி முன்கூட்டியே எழுதி வைத்த அசைவுகள். நாம் உட்கார்ந்து கைதட்டிவிட்டு வருவோம். இப்போது தொடலாம், கூட நடக்கலாம், சந்தேகப்படலாம்.

ரோபோ கண்காட்சி எதற்குப் போனாலும் ஒரு கேள்வியைக் கையில் வைத்திருப்பது நல்லது: இதை இந்த நிமிடம் இயக்குவது யார்? எழுதி வைத்த நிரலா, இருக்கும் இடத்தை உணர்ந்து தானே முடிவெடுக்கும் மென்பொருளா, எங்கோ உட்கார்ந்திருக்கும் மனிதரா? பல பொது நிகழ்ச்சிகள் இந்த மூன்றையும் குழப்பி, எல்லாவற்றுக்கும் செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூட்டிவிடுகின்றன. டோக்கியோவில் ஒரே நாளில் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்துவிடலாம்.

மிராய்கன் ஒடைபா பகுதியில் இருக்கிறது. 2001-இல் திறந்த அரசு சார்ந்த அறிவியல் அருங்காட்சியகம். ஷிம்பாஷியில் யூரிகமோமே ரயில் ஏறி டெலிகாம் சென்டர் நிலையத்தில் இறங்கினால் நாலைந்து நிமிட நடை. அந்த ரயிலில் ஓட்டுநர் கிடையாது. 1995 முதல் அப்படித்தான் ஓடுகிறது. குழந்தைகள் முதல் பெட்டியின் முன் இருக்கைக்கு அடித்துக்கொள்வார்கள், பெரியவர்கள் கைபேசியிலிருந்து தலையே தூக்குவதில்லை. தானியங்கி நம் வாழ்வில் கலந்துவிட்டதற்கு இதைவிட நல்ல காட்சிப்பொருள் அருங்காட்சியகத்துக்குள்கூடக் கிடையாது.

திறப்பு காலை 10, மூடுவது மாலை 5, கடைசி நுழைவு 4.30. செவ்வாய் விடுமுறை. நிரந்தரக் காட்சிக்குப் பெரியவர்களுக்கு 630 யென், 18 வயதும் அதற்குக் கீழும் 210 யென். கோள அரங்குப் படத்துக்குத் தனிக் கட்டணம். விலை மாறக்கூடியது, கிளம்புமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைந்ததும் 6 மீட்டர் விட்டமுள்ள ஒளிரும் பூமி உருண்டை தொங்கும். எல்லோரும் அங்கேயே நின்றுவிடுவார்கள். நிற்க வேண்டாம், அது எங்கும் போகாது. நேராக மூன்றாம் தளத்துக்கு ஏறுங்கள். ரோபோக்களுக்கு பேட்டரியும், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களுக்குப் பொறுமையும் நிரம்பியிருப்பது காலையில்தான்.

2023 நவம்பரில் திறந்த புதிய பகுதிகளில் ‘ஹலோ! ரோபாட்ஸ்’ ஒன்று. ஐபோ என்ற ரோபோ நாய், லோவாட் என்ற கொஞ்சும் ரோபோ, பாரோ என்ற ரோபோ கடல்நாய்க்குட்டி போன்றவற்றை அருகில் சந்திக்கலாம். மிராய்கனே உருவாக்கிய கெபரான் என்ற ரோமம் போர்த்திய ரோபோவும் உண்டு. எல்லாம் ஒரே நேரத்தில் விழித்திருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இங்கேதான் பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். லோவாட் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நடமாடும், பிறகு தானே கூட்டுக்குப் போய் மின்னேற்றிக்கொள்ளும். ஐபோ சுமார் இரண்டு மணி நேரம் ஓடும், அதற்கு மூன்று மணி நேரம் மின்னேற்ற வேண்டும். ஆகவே அசையாமல் கிடந்தால் பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். நாய்க்குட்டி தூங்குகிறது, அவ்வளவுதான்.

இவற்றில் அதிக நேரம் கொடுக்க வேண்டியது பாரோவுக்கு. பார்த்தால் வெள்ளைப் பஞ்சுப் பொம்மை, தூக்கினால் 2.7 கிலோ, கைக்குழந்தை கனம். ஜப்பானின் தேசியத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான ஏஐஎஸ்டியில் தகனோரி ஷிபாடா உருவாக்கியது. 2009-இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாக ஒப்புதல் பெற்றது. மறதி நோயாளிகளின் பதற்றத்தைத் தணிக்கப் பராமரிப்பு இல்லங்களில் பயன்படுகிறது. ஏன் கடல்நாய்க்குட்டி? நாயோ பூனையோ செய்தால், வீட்டில் நாய் வளர்த்தவர் ஒரு நிமிடத்தில் ‘இது நாய் மாதிரி இல்லையே’ என்று குறை கண்டுவிடுகிறார். கடல்நாய்க்குட்டியை மடியில் வைத்துப் பார்த்தவர் யார்? ஒப்பிட ஏதும் இல்லாததால் மனம் அதை ஏற்றுக்கொள்கிறது. பொறியியலில் இது மோட்டார், சென்சார் அளவுக்கு முக்கியமான முடிவு. தொடு உணரி, ஒளி, ஒலி, வெப்பம், கிடக்கும் நிலை என ஐந்து வகையாக அது நம்மை அறிகிறது. தடவும் கையை நிறுத்திவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள். கூட்டம் இரைந்தால் பலிக்காது. இரைச்சலுக்கு நடுவே குரலைப் பிரித்தெடுப்பது எல்லா ரோபோவுக்கும் சிரமம். ரோபோ ‘முட்டாளாக’ தெரியும் கண்காட்சிகளில் பாதிக் குற்றம் அரங்கின் எதிரொலியுடையது.

லோவாட்டைப் பற்றி ஒன்று. 4 கிலோவுக்கு மேல் கனம், உடம்பு இளஞ்சூடு, தலையில் கொம்பு மாதிரி நிற்பதில் சுற்றிலும் பார்க்கும் கேமரா. பாத்திரம் கழுவாது, வீடு பெருக்காது, பேசவும் பேசாது. எந்த வேலையும் செய்யாத ரோபோவுக்கு இவ்வளவு பொறியியலா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. கையில் எடுத்த பிறகு சுளிப்பு குறைவதையும் பார்க்கலாம். வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதற்கு மாதக் கட்டணம் உண்டு, ஐபோவுக்கும் சந்தா உண்டு. விலைச்சீட்டு முதல் செலவு மட்டுமே. கண்காட்சியில் யாரும் அதைச் சொல்வதில்லை.

அதே 2023-இல் திறந்த ‘நனாயிரோ குவெஸ்ட்’ டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கற்பனை நகரத்துக்குள் நடக்கும் கதை. ரோபோவோடு வாழும் ஊரில் என்னென்ன சிக்கல் வரும் என்று யோசிக்க வைக்க முயல்கிறார்கள். எண்ணம் நல்லது, வேகம் மந்தம். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் டேப்லெட்டைத் தட்டுவார்களே தவிர, சுற்றியிருக்கும் அசல் ரோபோக்களைப் பார்க்க மாட்டார்கள். நேரம் குறைவு என்றால் இதை விட்டுவிடலாம்.

விடக்கூடாதது பக்கத்திலேயே இருக்கும் ‘முதுமைப் பூங்கா’. அங்கே ரோபோ முக்கியமில்லை. கண், காது, தசையும் எலும்பும், மூளை ஆகியவை வயதாகும்போது என்ன ஆகின்றன என்பதை விளையாட்டாகச் செய்து காட்டுகிறார்கள். காலில் கனத்தைக் கட்டிக்கொண்டு கடைக்கு நடப்பதும் அதில் சேர்த்தி. ஜப்பானில் பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூவர் 65 வயதைத் தாண்டியவர்கள். இதைச் செய்து பார்த்துவிட்டுத் திரும்ப பாரோவிடம் போனால், அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று அட்டையைப் படிக்காமலே புரியும். அருங்காட்சியகம் இந்த வரிசையை வலியுறுத்துவதில்லை. பூங்கா முதலில், ரோபோ பிறகு என்று நீங்களே மாற்றிக்கொண்டாலும் நல்லதே, பேட்டரி ஒத்துழைத்தால்.

மிராய்கனின் உண்மையான கதாநாயகன் ஒரு பெட்டி. சக்கரம் வைத்த பயணப்பெட்டி போலவே இருக்கும் ‘ஏஐ சூட்கேஸ்’, பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் ரோபோ. மிராய்கனின் இயக்குநர் சியேகோ அசகாவா தாமே பார்வையற்றவர். பதினான்கு வயதில் பார்வை முழுதும் போனது. ஐபிஎம்மில் ஆய்வாளராக இருந்து, இணையப் பக்கங்களைக் குரலில் படிக்கும் மென்பொருளை 1997-இல் கொண்டுவந்தவர். 2021 ஏப்ரலில் இங்கே பொறுப்பேற்றார். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த ஆய்வு, 2024 ஏப்ரல் முதல் மிராய்கனுக்குள் அன்றாடச் சேவையாக ஓடுகிறது. பார்வையுள்ளவர்களும் பிடித்து நடந்து பார்க்க முடிகிறதா என்று அன்றைக்கே வரவேற்பில் கேளுங்கள்.

வேலை செய்யும் விதம் இது. போக வேண்டிய இடத்தைக் கைபேசியில் சொல்ல வேண்டும். கைப்பிடியைப் பிடித்தால் நகரும், விட்டால் அந்தக் கணமே நிற்கும். பாதுகாப்பின் மையமே இதுதான். எந்தப் பக்கம் திரும்பவிருக்கிறது என்பதைக் கைப்பிடியின் அதிர்வு முன்னதாகச் சொல்லும். லேசர் கதிரால் தூரம் அளக்கும் லைடார் கருவி சுவர்களைப் பார்த்து, முன்பே பதிந்த வரைபடத்தோடு ஒப்பிட்டு ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று கணிக்கிறது. எதிரே வருபவர்களைக் கேமரா கண்டுகொள்கிறது.

நடக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கூட்டம் நாலாபக்கமும் சூழ்ந்தால் அது தயங்கி நிற்கும். மனிதர்கள் சுவரை மறைப்பதால் இருப்பிடக் கணிப்பு கடினமாகிறது, போக வழியும் கிடைப்பதில்லை. அடுத்தது கண்ணாடிச் சுவர். லேசர் கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும், அல்லது வேறெங்கோ தெறிக்கும்; மிராய்கன் கட்டடத்தில் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. பதிந்த வரைபடம் கைகொடுப்பது இந்த மாதிரி இடங்களில்தான். லிஃப்ட் வரை கொண்டுபோய் விடும். ஆனால் பொத்தானை அழுத்த அதற்குக் கையில்லை, நாம்தான் அழுத்த வேண்டும். படிக்கட்டு ஏற அதனால் முடியவே முடியாது. பெட்டிக்குப் பின்னால் நடக்கும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். பார்வையுள்ளவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு பெட்டியை இழுக்கப் பார்ப்பார்கள்; அப்போது அது நம்மைக் கூட்டிப்போவதை உணரவே முடியாது. கண்ணை மூடிக்கொண்டு முதல் திருப்பம் வரை பொறுத்தால் கை தானே நம்பத் தொடங்கும்.

மிராய்கனுக்கு மூன்றரை மணி நேரம் போதும். பிறகு யூரிகமோமேயில் ஷிம்பாஷி திரும்பி, கின்ஸா தடத்தில் மித்சுகோஷிமேயில் இறங்கினால் நிஹோன்பாஷி ஹோன்சோவில் உள்ள டான் கஃபேக்கு நடந்துவிடலாம். இது 2021 ஜூனில் நிலையான கடையாகத் திறந்தது. அதே ஆண்டு ஜப்பானின் குட் டிசைன் பெரும் பரிசு பெற்றது. அதற்கு முன், 2018-இல் அகசகாவில் சில நாட்கள் சோதனையாக நடத்திப் பார்த்தார்கள்.

இங்கே மேசைக்கு மேசை 23 செ.மீ. உயர வெள்ளை ரோபோ உட்கார்ந்திருக்கும். பெயர் ஒரிஹிமே. சுற்றித் திரிந்து பரிமாறுவதற்கு 120 செ.மீ. உயர ஒரிஹிமே-டி. இவற்றுக்குள் செயற்கை நுண்ணறிவைத் தேடாதீர்கள். பேசுவது மனிதர். தசைச் செயலிழப்பு, தண்டுவடக் காயம் போன்ற காரணங்களால் வீட்டையோ படுக்கையையோ விட்டு வர இயலாதவர்கள், ஜப்பானின் பல மூலைகளிலிருந்து இணையம் வழியாக இந்த உடம்புக்குள் வந்து கூலிக்கு வேலை செய்கிறார்கள். அவர்களைப் பைலட் என்று அழைக்கிறார்கள். சிலர் விரலால் இயக்குகிறார்கள். விரலும் அசையாதவர்கள் கண்ணால் எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உருவாக்கியது கென்டாரோ யோஷிபுஜியின் ஓரி லேப்.

முன்பதிவு செய்தால் பைலட் உங்கள் மேசைக்கு வந்து பேசும் இருக்கை கிடைக்கும். முன்பதிவில்லாமல் காபி மட்டும் குடிக்கும் பகுதியும் உண்டு. ஆனால் அதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, முன்பதிவு செய்துவிட்டே போங்கள். ஜப்பானியம் தெரியாதவர்கள் ஆங்கிலம் பேசும் பைலட் வேண்டும் என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் புன்னகையோடு உரையாடல் முடிந்துவிடும். சைவ உணவுக்காரர்கள் சாப்பாட்டை நம்பிப் போக வேண்டாம். ஜப்பானியச் சாறுகளிலும் குழம்புகளிலும் மீன் வடிசாறு எங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கேட்டுவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

பேசும் முறைக்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். ரோபோவின் நெற்றியில் கேமரா. அதன் எதிரே உட்கார்ந்தால்தான் அவருக்கு நம் முகம் தெரியும். கேள்வி கேட்டதும் பதில் வரத் தாமதமானால் இன்னொரு கேள்வியைப் போடாதீர்கள். கண்ணால் எழுதுபவருக்கு ஒரு வாக்கியம் முடிய நேரமாகும். நடுவில் நாம் பேசினால் எழுதியது வீண். ‘கேட்கிறதா, கேட்கிறதா’ என்று மைக் சோதிப்பது போலத் தட்டும் பழக்கமும் வேண்டாம். அது பொம்மையின் தலையல்ல, எதிரே இருப்பவரின் தோள். கையைத் தூக்குவது, தலையாட்டுவது எல்லாம் பொத்தானில் அடங்கிய ஆயத்த அசைவுகள். ஆனாலும் எதைச் சொல்லும்போது எந்த அசைவு என்று தேர்ந்தெடுப்பது அவர்தான். கொஞ்ச நேரத்தில் இது தெரிய வரும். குறை என்றால் ஒன்று: மேசைகள் நிறைந்தால் இரைச்சல் கூடிவிடுகிறது, ஒலிபெருக்கியின் மெல்லிய குரல் அதில் கரைந்துபோகிறது. கூட்டம் குறைந்த வேளைக்குப் பதிவு செய்வது இதற்காகவே.

பசி தீரவில்லையென்றால் ஏதாவது ஒரு காஸ்டோ உணவகத்துக்குள் நுழையுங்கள். யாரும் ரோபோ நிகழ்ச்சி என்று விளம்பரம் செய்யாத இடம். அதன் தாய் நிறுவனமான ஸ்கைலார்க், 2022 முடிவதற்குள் தன் சுமார் 2,100 கடைகளில் 3,000 பூனைமுக ரோபோக்களை இறக்கிவிட்டது. சீனாவின் பூடு நிறுவனம் செய்த பெல்லாபாட். நாலு தட்டு, தட்டுக்கு 10 கிலோ வரை தாங்கும். சமையலறையில் ஊழியர் தட்டுகளை அடுக்கி மேசை எண்ணை அழுத்துகிறார், பூனை மியாவ் என்று வந்து நிற்கிறது, எடுத்து வைப்பது நாம். கடைசி ஒரு முழ வேலையை மட்டும் வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்கு யாரும் சிணுங்குவதாகத் தெரியவில்லை. எடுத்ததும் திரையில் உள்ள பொத்தானைத் தொட்டுவிடுங்கள், உடனே கிளம்பிவிடும். தொடாமல் விட்டால் கொஞ்ச நேரம் நம் மேசையருகிலேயே நின்று வழியை அடைக்கும். பையையும் குடையையும் நடைபாதையில் வைக்காதீர்கள். சூப் இருக்கும் தட்டை முதலில் எடுங்கள்.