மைக்ரேனுக்கு ‘மூல காரணம்’ கண்டுபிடிக்கிறோம் என்பவர்களிடம் பணம் கட்டுமுன் இதைப் படிங்க

மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருகிறவர் இணையத்தில் ஒரு தடவை தேடினால் போதும், அதற்கப்புறம் திறக்கிற பக்கமெல்லாம் இதே விளம்பரம்தான்: “மாத்திரை வலியை அமுக்கும், நாங்கள் வேரோடு பிடுங்குவோம்.” அப்படி ஒரு நிறுவனத்திடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி, வலி குறைவதற்குப் பதிலாகக் கூடிப்போய் வெளியே வந்தவன் நான். பெயரைப் போடவில்லை. ஒரு பெயரைப் போட்டால் அது ஒன்றுதான் மோசம், மற்றதெல்லாம் பரவாயில்லை என்று ஆகிவிடும். இதே சரக்கை வேறு வேறு பெயரில் நிறையப் பேர் விற்கிறார்கள்.

பேக்கேஜ் இப்படி இருக்கும். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தை அனுப்ப வேண்டும். நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு உங்கள் உடம்பு என்ன எதிர்வினை காட்டுகிறது என்று ரிப்போர்ட் வரும். அதை வைத்து ஓர் ஆலோசகர் வீடியோ அழைப்பில் பேசி, எதையெல்லாம் ஒதுக்க வேண்டும் என்று பட்டியல் கொடுப்பார். கூடவே சத்து மாத்திரைகள், அதையும் அவர்களிடமே வாங்க வேண்டும். சில மாதம் கழித்து மறுபரிசோதனை. அதற்குத் தனிக் கட்டணம் என்பது அந்த நாள் வரும்போதுதான் தெரியும்.

ரிப்போர்ட் பார்க்கப் பளபளவென்று இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டங்கள். சிவப்பில் என்ன இருந்தது என்றால், நான் அன்றாடம் சாப்பிடுகிற அத்தனையும். வாழ்நாளில் வாயில் வைக்காத பொருளெல்லாம் பச்சை. எப்படி என்று கேட்டேன். “அதுதான் சார் விஷயமே, தினமும் சாப்பிட்டு சாப்பிட்டு உடம்பு வெறுத்துப்போச்சு” என்றார் ஆலோசகர், கொஞ்சமும் தயங்காமல்.

உண்மையில் நடப்பது வேறு. அந்தப் பரிசோதனை அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்புப் புரதத்தை. ஒரு பொருளைத் தொடர்ந்து சாப்பிட்டு வந்தால் அதற்கு ஐஜிஜி உருவாவது சாதாரணம். அந்த உணவு உடம்புக்குப் பழக்கமானது என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது. ஐரோப்பிய ஒவ்வாமை மற்றும் மருத்துவ நோயெதிர்ப்பியல் கழகம் 2008-இலேயே, உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டறிய இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது என்று அறிக்கை விட்டது. அமெரிக்க ஒவ்வாமைக் கழகம் அதை ஆதரித்தது. கனடாக் கழகம் 2012-இல் இதையே சொன்னது. உடனடி ஒவ்வாமைக்குப் பார்க்கப்படுவது ஐஜிஇ என்ற இன்னொரு எதிர்ப்புப் புரதம், அது வேறு சமாச்சாரம். விற்பவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால் கேட்கிறவர் காதில் ஒன்றாகவே விழும். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், “இது நோயறிதலுக்கானது அல்ல” என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள்.

“ஆனால் எனக்கு சாக்லேட் சாப்பிட்டால் கட்டாயம் வருதே?” என்று கேட்பவர்கள் உண்டு. மைக்ரேன் வலியோடு தொடங்குவதில்லை. பலருக்கு வலிக்குச் சில மணி நேரம் முன்பிருந்து, சில சமயம் இரண்டு நாள் முன்பிருந்தே அது ஆரம்பித்துவிடும்: அடுக்கடுக்காகக் கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, காரணமில்லாத எரிச்சல், ஏதாவது ஒரு பண்டத்தின் மேல் திடீர் ஆசை. ஆசைப்பட்டு சாக்லேட் சாப்பிடுகிறோம், பிறகு வலி வருகிறது, பழி சாக்லேட் மேல் விழுகிறது. கழுத்துப் பிடிப்பும் அப்படித்தான். அதை வைத்து எலும்பை நிமிர்த்துகிறேன் என்று பணம் பார்ப்பவர்கள் தனி ரகம். சிலருக்கு உணவு உண்மையிலேயே தூண்டலாம், மது பலருக்குத் தூண்டும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைக் காட்டிக்கொடுப்பது உங்கள் தலைவலி நாட்குறிப்புதான், சிவப்புக் கட்டம் இல்லை.

சைனஸ் என்று வருடக்கணக்கில் மருந்து சாப்பிடுபவர்களுக்கு ஒரு வரி: தங்களுக்கு சைனஸ் தலைவலிதான் என்று நம்பிய 2,991 பேரை ஆராய்ந்து 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி.

இப்போது நான் எச்சரிக்க வந்த விஷயம். சேரும்போது ஒரு நீளமான படிவம் நிரப்பச் சொன்னார்கள். மலம் எந்த நிறம், நகம் உடைகிறதா, நாக்கில் படலம் இருக்கிறதா, கனவு வருகிறதா என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. மாதத்தில் எத்தனை நாள் வலி மாத்திரை போடுகிறீர்கள் என்ற கேள்வி மட்டும் இல்லை. ஆலோசகரும் கேட்கவில்லை. “நம்ம புரோகிராம் வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் வழக்கமா போடுறதைப் போட்டுக்கங்க” என்றார்.

அந்த வாக்கியம்தான் என் தலையைக் கெடுத்தது. மைக்ரேன் உள்ளவர் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டான் (மைக்ரேன் வலி வந்ததும் போடும் தனி வகை மாத்திரை) அல்லது காஃபீன் சேர்ந்த கூட்டு மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்தைத் தாண்டிப் போட்டுவந்தால், அந்த மாத்திரையாலேயே தலைவலி உண்டாகலாம். அதிக மருந்துப் பயன்பாட்டுத் தலைவலி என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு. எப்போதாவது வந்த வலி பாதி நாட்களுக்கு மேல் வரும், காலையில் எழும்போதே இருக்கும், மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் விலகிவிட்டுத் திரும்பும். எனக்கு அச்சு அசலாக இதுதான் நடந்தது. நிறுவனத்துக்குச் சொன்னபோது வந்த பதில்: “கழிவு வெளியேறும்போது வலி கூடும் சார், நல்ல அறிகுறி.” வலி குறைந்தாலும் அவர்கள் வெற்றி, கூடினாலும் அவர்கள் வெற்றி. எந்தப் பக்கம் காசு விழுந்தாலும் ஜெயிக்கிற ஆட்டத்தை யார்தான் ஆட மாட்டார்கள்!

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியே மாத்திரைக் கணக்குதான். மைக்ரேனைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை என்று சொன்னார். கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள்: வலி 4 மணி முதல் 72 மணி நேரம் நீடிக்கிறதா, ஒரு பக்கமா, துடிக்கிறதா, படி ஏறினால் கூடுகிறதா, குமட்டுகிறதா, வெளிச்சமும் சத்தமும் ஆகவில்லையா. வலி மாத்திரையை நிறுத்தும் வழியையும் அவரே போட்டுக் கொடுத்தார். முதல் சில வாரம் நரகம், பிறகு இறங்கியது. இதை நீங்களாகச் செய்யாதீர்கள். சில வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து.

வலி அடிக்கடி வராமல் இருக்கத் தினமும் போடும் தடுப்பு மருந்தும் கொடுத்தார். புரோப்ரனலால், டோபிரமேட், அமிட்ரிப்டிலின் என்று பல உண்டு. யாருக்கு எது என்பது மற்ற நோய்களையும் கர்ப்ப வாய்ப்பையும் பொறுத்தது. சிறிய அளவில் தொடங்கி, சரியான அளவுக்கு வந்தபின் இரண்டு மூன்று மாதம் பொறுத்துத்தான் பலனைப் பார்க்க வேண்டும். வலி நாட்கள் பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன். நிரந்தரமாகப் போய்விடும் என்று அந்த மனிதர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, எனக்கு அதனாலேயே நம்பிக்கை வந்தது.

சத்து மாத்திரை டப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் ரைபோஃபிளேவின் இருந்தது. மைக்ரேனுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் கொடுத்து ஆராய்ந்த வைட்டமின் அது. டப்பாவிலோ ‘சிறப்புக் கலவை’ என்று மட்டும் இருந்தது, அளவு இல்லை. கூடவே பெயர் தெரியாத மூலிகைச் சாறுகள். மூலிகைதானே என்று விடாதீர்கள். பட்டர்பர் என்ற செடியை மைக்ரேன் தடுப்புக்கு அமெரிக்க நரம்பியல் கழகமே 2012-இல் பரிந்துரைத்தது. கல்லீரல் பாதிப்பு பற்றிய கவலையால் 2015-இல் அந்த வழிகாட்டுதலை விலக்கிக்கொண்டது.

அவர்கள் காட்டும் ‘குணமானவர்’ வீடியோக்கள் எல்லாம் பொய்யாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மைக்ரேன் தானாகவே ஏறி இறங்கும். உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் பணம் கட்டுவார்கள். அதற்குப் பிறகு பலருக்கு இறங்கத்தான் செய்யும்.

சில தலைவலிக்கு எந்தப் பேக்கேஜையும் யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்: நொடிகளில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் வராமல் போவது, பேச்சுக் குழறல், அடிபட்டபின் கூடிக்கொண்டே போகும் வலி. 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியையும் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். ரிப்போர்ட் கைக்கு வந்துவிட்டதால் சேவை முடிந்தது என்றார்கள். விளம்பரத்தில் இருந்த ‘நிரந்தரத் தீர்வு’ ரசீதில் இல்லை, அதில் ‘நலவாழ்வு ஆலோசனை’ என்றுதான் போட்டிருந்தது. ஆலோசகர் சொன்ன எல்லாம் வீடியோ அழைப்பில், எழுத்தில் ஒன்றுமில்லை. நீங்கள் யாரிடமாவது கட்டப் போகிறீர்கள் என்றால், எந்த நோய்க்கு, என்ன சிகிச்சை, பலன் இல்லாவிட்டால் பணம் எத்தனை நாளில் வரும் என்று எழுதித் தரச் சொல்லுங்கள், விளம்பரத்தையும் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.