பூட்டிய வீட்டுக் கேமரா: பள்ளத்தூரில் கிடைத்த நல்ல சர்வீஸ்

செட்டிநாட்டு வீட்டைப் பூட்டிவிட்டுச் சிங்கப்பூர், மலேசியா என்று இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேமராவில் படம் மங்கலாக இருக்கிறது, ராத்திரியில் ஒன்றும் தெரியவில்லை, சத்தம் இரைச்சலாக வருகிறது என்றால், எல்லாவற்றையும் கழற்றிப் புதிதாக மாட்டச் சொல்பவரிடம் உடனே சம்மதம் சொல்லிவிடாதீர்கள். இந்த முறை ஊருக்குப் போயிருந்தபோது பள்ளத்தூர் வீட்டில் இருந்த பழைய கேமராக்களை வைத்தே படமும் சத்தமும் தெளிவாகிவிட்டன.

எங்களுக்கு இருந்த தொல்லை இதுதான். பகலில் முகப்பில் வந்து நிற்பவர் கறுப்பு உருவமாகத்தான் தெரிவார். இருட்டியதும் பின்கட்டுக் கேமராவில் கோடு கோடாக ஓடும், விட்டுவிட்டு அணைந்துபோகும். நடு முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் யார் பேசினாலும் ஒரு வார்த்தை புரியாது. தேக்குத் தூணும் நிலைக்கதவும் பித்தளைச் சாமானும் இருக்கிற வீடு. பங்காளிகள் எல்லோரும் வெளியூரில். கேமரா ஒன்றுதான் நம்பிக்கை.

முதலில் வந்த கடைக்காரர் உச்சிவெயிலில் வந்து, ஏணிகூடப் போடாமல், எல்லாம் பழைய மாடல், எட்டு மெகாபிக்சல் போட்டால் சரியாகும் என்று சொல்லிப் போய்விட்டார். ராத்திரியில் வரும் கோளாறைப் பகலில் பார்த்து என்ன கண்டுபிடிக்க முடியும்? வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன்தான் காரைக்குடியிலிருந்து வேறொரு தம்பியை வரச் சொன்னார். அவர் சாயங்காலம் வந்தார், இருட்டும்வரை இருந்தார். அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும்.

பின்கட்டுக் கேமராவின் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். வெளிச்சம் இருக்கும்போது 11 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. இருட்டி, ராத்திரியில் படம் தெரிவதற்காகக் கேமராவிலேயே இருக்கும் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிந்ததும் 9-க்குக் கீழே இறங்கிவிட்டது. “ஆச்சி, கேமரா நல்லாத்தான் இருக்கு. அதுக்குச் சோறுதான் போதலை” என்றார். நம் வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பில் இருக்கும் 12 வோல்ட் பவர் சப்ளையிலிருந்து வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி மெல்லிய வயரில் கரண்ட் போய்ச் சேர்வதற்குள் பாதி வழியிலேயே கரைந்துவிடுகிறது. இரவில் விளக்குகளுக்கும் சேர்த்து இழுக்கும்போது இன்னும் மோசம். பின்கட்டிலேயே ஒரு பிளக் பாயிண்டில் தனி அடாப்டர் போட்டார். அணைவது அன்றோடு நின்றது. மிச்சமிருந்த கோட்டுக்குக் காரணம், மழைத்தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்திருந்த பிஎன்சி கனெக்டர், அதாவது கேமராவின் பட வயரை இணைக்கும் முனை. அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட்டு, இணைப்பு நனையாமல் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினார்.

அடுத்தது நம் ஊர் வீட்டுக்கே உரிய சங்கதி. சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் பளபளவென்று இருப்பது நமக்குப் பெருமைதான். ஆனால் கேமரா அந்தச் சுவரை ஒட்டி இருந்தால் அதன் இன்ஃப்ராரெட் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி லென்ஸுக்கே வருகிறது. படத்தின் ஓரம் வெள்ளையாகிவிட, கேமராவும் வெளிச்சம் அதிகம் என்று எடுத்துக்கொண்டு மற்ற இடத்தையெல்லாம் இருட்டாக்கிவிடுகிறது. சுவர் படத்துக்குள் வராதபடி கேமராவைத் தள்ளி மாட்டித் திருப்பியதும் முற்றம் முழுவதும் தெரிந்தது. லென்ஸுக்கு முன்னால் இருந்த சிலந்திவலையையும் துடைத்தார். இரவில் அது வெள்ளைத் திரையாக நிற்கும். வலை ஆடும்போதெல்லாம் ஆள் நடமாட்டம் என்று போனுக்கு எச்சரிக்கையும் வரும். மாதம் ஒருமுறை துடைக்கும்படி அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன்.

முகப்பில் கறுத்துத் தெரிந்த ஆளுக்கு மருந்து செட்டிங்கில் இருந்தது. உள்ளே நிழல், பின்னால் தெரு வெயில். இப்படிப்பட்ட இடத்தில் வெளிச்சத்தையும் நிழலையும் சமன் செய்வதற்கென்றே உள்ள டபிள்யூடிஆர் என்ற வசதி அணைத்தே கிடந்தது. அதைப் போட்டதும் முகம் தெரிந்தது. அப்புறம், கேமராப் படங்களைப் பதிந்துவைக்கும் டிவிஆர் பெட்டி. கேமரா 2 மெகாபிக்சல்தான், ஆனால் பெட்டி 1080என் என்ற முறையில் பதிந்துகொண்டிருந்தது. அதில் அகலவாக்கில் 1920 புள்ளிகளுக்குப் பதில் 960தான் பதிவாகும். முழு 1080பி-க்கு மாற்றினால் எங்கள் பெட்டியில் வினாடிக்கு 25 படம் என்பது 15 ஆகக் குறைகிறது. பூட்டிய வீட்டுக்கு அது தாராளம். ஓட்டம் சீராகத் தெரிவதைவிட முகம் அடையாளம் தெரிவதுதான் எனக்கு முக்கியம்.

இன்னொன்றும் சொன்னார். போன் செயலி முதலில் காட்டுவது டேட்டா மிச்சமாக வேண்டும் என்பதற்காக அனுப்பும் சின்னப் படம். அதைப் பார்த்துக் கேமராவைக் குறை சொல்லக் கூடாது. எச்டி என்று இருப்பதைத் தொட்டுப் பார்த்தால்தான் உண்மையான படம் வரும். அதற்கு ஊர் வீட்டு இணைய இணைப்பில் அப்லோட் வேகமும் வேண்டும்.

சத்தத்துக்கு நேரம் பிடித்தது. வளவில் கல்தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, உயரமான சுவர், எல்லாமே சத்தத்தைத் திருப்பி அனுப்புபவை. அதன் நடுவில் மைக் இருந்தால் பேச்சு குழம்பத்தான் செய்யும். ஆட்கள் வந்து நிற்பது நிலைவாசலில், எனவே மைக்கை அங்கே கொண்டுபோனார். பேசுபவருக்கு அருகில் மைக் இருப்பதுதான் எதிரொலிக்குப் பெரிய தீர்வு என்றார். ஒலி அளவு உச்சத்தில் இருந்ததால் குரல் கரகரத்தது. அதைப் பாதிக்கு இறக்கினார். ஓயாமல் கேட்ட ‘ம்ம்’ என்ற இரைச்சல், மைக்கும் கேமராவும் ஒரே பவர் சப்ளையில் இருந்ததால் வந்தது. மைக்குக்குத் தனி அடாப்டர் கொடுத்ததும் போய்விட்டது. பேச்சு பதிவாகிறது என்பதை அண்ணனிடமும் கூட்டிப் பெருக்க வரும் அக்காவிடமும் சொல்லிவிட்டேன். அவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்வது நியாயமில்லை.

மொத்தச் செலவு, முதல் கடைக்காரர் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குகூட வரவில்லை. கிளம்பும் முன் டிவிஆர் பாஸ்வேர்டை என்னையே மாற்றச் சொன்னார். எந்த அடாப்டர் எந்தக் கேமராவுக்கு என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியும் வைத்தார். அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். இனி ஒரு கேமரா அணைந்தால், எந்த பிளக்கைப் பார்க்க வேண்டும் என்று சிங்கப்பூரிலிருந்தே அண்ணனிடம் சொல்லிவிடலாம்.